ஒரே ஒரு ப்ளக்

தென்பள்ளத்தில் யாரும் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதில்லை. முதலில் சூரியனைத் துலக்குவார்கள். பல்லுக்கு வேண்டிய தண்ணீர் அதற்குப் பிறகுதான் குழாயில் வரும்.

செவ்வாய்க் கிரகத்தின் தெற்குப் பாதியில், ஒரு பெரிய பள்ளத்துக்குள், கண்ணாடிக் கூரைக்கு அடியில் இருந்தது அந்த ஊர். கூரையின் மேல் சூரியப்பாய்கள் விரிந்து கிடந்தன. வெயிலை மின்சாரமாக்கும் கறுப்புப் பாய்கள், வீட்டுக்கு ஒன்று. இரவெல்லாம் அவற்றின்மேல் சிவப்புப் புழுதி படியும். விடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் வெளியுடையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, நீளக் கைப்பிடி வைத்த துடைப்பத்தால் அதைத் தள்ள வேண்டும். எங்கே தள்ள வேண்டும் என்று நகரசபை விதிகளில் தெளிவாக எழுதியிருந்தது. எல்லோரும் பக்கத்து வீட்டுப் பாய்க்குத் தள்ளினார்கள். பூமியிலிருந்து பல கோடி மைல் கடந்து வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த ஒரே கலாசாரச் சொத்து இதுதான் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. இன்னும் சில சொத்துகளும் இருந்தன.

மேற்குச் சந்தின் கடைசி வீடு நிதர்ஷனாவுடையது. நிதர்ஷனா என்பது அந்தக் காலத்துப் பெயர். இப்போது யாரும் குழந்தைக்கு அப்படி வைப்பதில்லை. கணவர் பெயர் கிருத்திக். அதுவும் அப்படித்தான், கேட்டாலே வயசு தெரிந்துவிடும்.

நிதர்ஷனா முப்பது வருஷம் சந்தின் உருக்குத்தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். தென்துருவத்தில் இயந்திரங்கள் வெட்டி அனுப்பும் பனிக்கட்டிகள் பாறை மாதிரி வந்து இறங்கும். அவற்றைத் தொட்டியில் போட்டு, சூடேற்றி, வடிகட்டிச் சந்துக்குத் தண்ணீராக அனுப்புவது அவள் வேலை. ஒவ்வொரு கட்டியையும் உள்ளே தள்ளும்போது அவளுக்கு ஒரே நினைப்புதான்: இது எங்கேயிருந்து வருகிறதோ, அந்த இடம் எப்படி இருக்கும்?

இடம் எப்படி இருக்கும் என்பது பாடப் புத்தகத்திலேயே இருந்தது. குளிர்காலத்தில் தென்துருவத்தில் காற்றே உறைந்து பனியாகிவிடும். வசந்தம் வந்ததும் வெயில் அந்தப் பனியை ஊடுருவி அடித்தரையைச் சூடாக்கும். அடியில் ஆவியாகிற வாயு வெளியே வர வழியில்லாமல் முட்டி மோதி, ஏதாவதோர் இடத்தில் பனியைப் பிளந்துகொண்டு, கரும்புழுதியோடு வானத்தைப் பார்த்துப் பீறிடும். பனிவெடி என்று பெயர். ஒரு தென்னை உயரம் எழும்பும் என்பார்கள். தென்னை எவ்வளவு உயரம் என்று தென்பள்ளத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே அவரவர் மனசுக்கு ஏற்ற உயரத்தில் அது எழும்பிக்கொண்டிருந்தது.

நிதர்ஷனாவின் மனசில் அது மிக உயரம். ஆனால் அவளுக்கு ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டிருந்தது. அறுபது நிறைந்தவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வெளியிலுள்ள கதிர்வீச்சை உடம்பு தாங்காது என்பது சட்டம். செவ்வாய்க் கணக்கில் அவளுக்கு வயது முப்பத்திரண்டுகூட ஆகவில்லை. நகரசபை இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பூமிக் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தெற்கு வசந்தம் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு பூமி வருஷம் ஆகும். பார்ப்பதென்றால் இந்த வசந்தத்தில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் இல்லை.

நல்ல வேளையாக, ஓய்வுபெறுகிறவர்களுக்கு நகரசபை ஓர் உலாக்கூடு கொடுத்தது. ஆறு சக்கரம், இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, பக்கவாட்டில் ஒரு பெரிய ஜன்னல். ஊர்சுற்றும் வண்டி. சக்கரத்தை ஓட்டுவதற்கு அடியில் ஒரு சின்ன அணுவுலையும் உண்டு. முத்திரை வைத்தது, பல வருஷத்துக்கு அணையாது. அதன் மிச்சச் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வண்டிக்குள் இருக்கும் பேட்டரியை நிரப்பும். மூச்சுக்காற்று, சூடு, விளக்கு, அடுப்பு எல்லாம் அந்தப் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரியையும் இன்வர்ட்டரையும் மட்டும் குடும்பத்தார் தங்கள் தேவைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

அந்த 'தேவைக்கு ஏற்றபடி'யில்தான் கிருத்திக் நுழைந்தார்.

கிருத்திக்கைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். அவர் குடை வைத்திருந்தார். செவ்வாயில் மழை பெய்து முந்நூறு கோடி வருஷம் இருக்கும். "எதுக்குங்க இது?" என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பார்.

மின்சாதனக் கடையில் விற்பனைக்கு மனிதர்கள் கிடையாது. யோசனைப்பொறி ஒன்று நின்றது. வருபவர்களின் தேவையைக் கேட்டு, கணக்குப் போட்டு, சரியானதைச் சொல்லும் இயந்திரம். பொய் சொல்லாது. கமிஷனும் கிடையாது. அதனால் கடையில் கூட்டமும் கிடையாது.

"எத்தனை பேர் பயணம்?" என்றது பொறி.

"ரெண்டு பேர்" என்றாள் நிதர்ஷனா. "ஒரு விளக்கு, ஒரு அடுப்பு, தினம் ஒரு வாளி வெந்நீர். அது போதும் தம்பி."

பொறி மூச்சுக்காற்றையும் சூட்டையும் சேர்த்துக்கொண்டது. "பன்னிரண்டு யூனிட் பேட்டரி போதும். பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்துப் பதினாறு. எடை குறைவு. இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும்."

"யாராவது வந்தா?" என்றார் கிருத்திக்.

"பயணம் இரண்டு பேருக்கு என்றீர்கள்."

"ரெண்டு பேருதான். ஆனா யாராவது வந்தா?"

"வழியில் மனிதர்கள் இல்லை. இங்கிருந்து தென்துருவம் வரை ஒரு வீடும் இல்லை."

"அது எனக்கும் தெரியும்பா. நான் கேக்கறது, யாராவது வந்துட்டாங்கன்னா?"

பொறி தன் சூத்திரங்களைத் தேடிப் பார்த்தது. அதற்குள் இருந்த எந்தச் சூத்திரத்திலும் இந்த 'யாராவது' இல்லை.

"அவருக்குப் பதில் சொல்லாத தம்பி. நீ சொல்லச் சொல்ல அவரும் கேட்டுட்டே இருப்பாரு" என்றாள் நிதர்ஷனா.

ஆனால் பொறி பதில் சொல்வதற்காகவே செய்யப்பட்டது. யாராவது வந்தால் நாலு பேருக்கு வெந்நீர் என்று ஆயிற்று. நாலு பேருக்கு வெந்நீர் போட்டால் நாலு பேருக்குச் சாப்பாடும் போட வேண்டும். தினமும் சத்துக்கஞ்சியா ஊற்றுவது? இட்லி. இட்லிக்கு மாவு. மாவுக்கு கிரைண்டர்.

"துருவத்துல உக்காந்து மாவு அரைக்கப் போறோமா?" என்றாள் நிதர்ஷனா.

"அரைக்கணும்னு இல்ல. அரைக்கலாம்னா அரைக்க முடியணும்ல?"

அரைத்த மாவு மீந்தால் வைக்க ஃபிரிட்ஜ். "வெளியே வைத்தாலே உறைந்துவிடும்" என்று பொறி நினைவூட்டியது. "மாவு உறையக் கூடாது, அளவாத்தான் குளிரணும்" என்றார் கிருத்திக். இதில் நியாயம் இருப்பதைப் பொறி ஒப்புக்கொண்டது. அதுதான் அது செய்த தவறு. நூற்றிருபது யூனிட் பேட்டரியும், ஒரு சந்து முழுவதற்கும் மின்சாரம் தரக்கூடிய இன்வர்ட்டரும், வெளிப்பக்கம் வரிசையாக ப்ளக் பாயிண்ட்டுகளுமாக வியாபாரம் முடிந்தது. வெளியில் எதற்கு ப்ளக் பாயிண்ட் என்று பொறி கேட்கவில்லை. அதற்குள் அது கற்றுக்கொண்டிருந்தது.

பேட்டரியை வண்டியில் ஏற்றியபோது பக்கவாட்டு ஜன்னல் முழுக்க மறைந்துபோயிற்று.

"ஜன்னலை அடைக்குதேங்க."

"முன்னாடி கண்ணாடி இருக்குல்ல? நீ முன்னாடி உக்காந்துக்கோ. உனக்கு வெந்நீர் இல்லாம, சூடு இல்லாம, நடுப் பனியில நிக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவும்."

அது பொய்யில்லை. முப்பது வருஷம் ஈரத்தில் நின்று அவளுடைய முழங்கால் என்ன ஆகியிருந்தது என்று அவருக்குத் தெரியும். நூற்றிருபது யூனிட் என்பது அவர் அன்பின் கொள்ளளவு.

அதே வாரம் இதே கடையில், சந்தில் வெளியுடை தைக்கிற ஜெர்வின் ஒரு பழைய எட்டு யூனிட் பேட்டரியை வாங்கித் தன் ஒற்றையாள் உலாக்கூட்டில் மாட்டினான். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. அவன் சேமித்த காசுக்கு அந்த ஓட்டை வண்டிதான் கிடைத்தது. சந்தே சிரித்தது.

"பாதி வழியில நின்னுருச்சுன்னா என்னடா பண்ணுவ?" என்றார் கிருத்திக்.

"நடப்பேண்ணே."

"நிதி அக்கா, என் வண்டி ரெண்டு மூச்சு தாங்காது" என்று நிதர்ஷனாவிடம் தனியாகச் சொன்னான். "தாங்கும்னா உங்களையும் கூட்டிட்டு ஓடியே போயிருப்பேன். அண்ணனுக்கு ஒரு தாள் எழுதி வச்சா போச்சு."

"ஓடறதுக்கு முன்னாடி என் வெளியுடையில இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விடு. மூச்சு முட்டுது" என்றாள் அவள்.

புறப்பட எல்லாம் தயாராக இருந்தபோது புழுதிப்புயல் வந்தது. வசந்தத்தில் அந்தப் பள்ளத்தில் இது வழக்கம். வானம் செங்கல் நிறமாகிவிடும், சூரியப்பாயில் வெயில் விழாது. ஊர் மின்சாரம் பாதியாகக் குறைக்கப்பட்டது. வீட்டுக்கு மூச்சுக்காற்றும் ஒரு விளக்கும் மட்டும். கிரைண்டர், சலவை, வெந்நீர் எல்லாவற்றுக்கும் தடை. உலாக்கூடுகளுக்குப் புயல் ஒரு தடையில்லை. அவை அணுவுலையில் ஓடுபவை. தெற்கே இரண்டு நாள் ஓட்டினால் வானம் தெளிந்துவிடும். ஜெர்வின் மறுநாளே கிளம்பிவிட்டான்.

கிருத்திக்கும் கிளம்பியிருப்பார். ஆனால் வழியில் போய் எதுவும் மக்கர் பண்ணக் கூடாதே என்று, கிளம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம் பார்க்க நினைத்தார். இருப்பதிலேயே அதிகம் இழுக்கும் சாதனத்தை ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. கிரைண்டரில் அரிசியைப் போட்டார்.

வெந்நீருக்குக்கூட மின்சாரம் இல்லாத ஒரு சந்தில், காலை எட்டு மணிக்கு, கிரைண்டர் ஓடும் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று எந்த விஞ்ஞானியும் அளந்ததில்லை. அன்று அளந்திருக்கலாம். சந்தின் அந்த முனை வரை கேட்டது.

முதலில் வந்தவள் எதிர்வீட்டு பூர்விகா. கையில் தூக்குவாளி.

"அக்கா, நேத்தே ஊறப் போட்டுட்டேன். புளிச்சுப் போயிரும். ஒரு படிதான்."

"அரைச்சுக்கோ."

பத்தரைக்குள் ஏழு தூக்குவாளிகள் வரிசையில் இருந்தன. ஊறவே போடாதவர்களும் அரிசியை ஊறப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். இலவசமாக அரைபடும்போது அரைக்காமல் விடுவது அரிசிக்குச் செய்யும் துரோகம் என்பது சந்தின் பொதுக்கருத்தாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். பரீட்சை. படிக்க விளக்கு வேண்டும். "ஒரே ஒரு ப்ளக் அத்தை." வெளிப்பக்கம்தான் வரிசையாக ப்ளக் பாயிண்ட் இருக்கிறதே. மூன்றாம் நாள் சந்தின் நடுவீட்டில் நிச்சயதார்த்தம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முகமாவது தெரியணும்ல? ஒரே ஒரு ப்ளக்." நிச்சயதார்த்த வீட்டார் ஒரே ஒரு ப்ளக்தான் செருகினார்கள். அதன் மறுமுனையில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. அந்த ஜங்ஷன் பாக்ஸில் இன்னொரு ஜங்ஷன் பாக்ஸ்.

"நாளைக்குக் கிளம்பறோம்" என்றாள் நிதர்ஷனா.

"நாளைக்குத்தான் புயல் அடங்கிரும்ங்கறாங்களே அக்கா" என்றாள் பூர்விகா. "அடங்கிட்டா நாங்களே பிடுங்கிக்குவோம். நீங்க நிம்மதியா போகலாம்."

நாளைக்கு அடங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அடங்கும் என்றார்கள். அந்த அடுத்த நாள், பூர்விகாவின் மாமனாருக்கு மூச்சுத் திணறியது. அவருடைய மூச்சுப்பொறிக்கு ஊர் மின்சாரம் பத்தவில்லை. அந்த ப்ளக்கைச் செருகியபோது யாரும் 'ஒரே ஒரு' என்று சொல்லவில்லை.

கடைசியாக வந்தது உருக்குத்தொட்டி. நிதர்ஷனாவுக்குப் பிறகு தொட்டியைப் பார்த்துக்கொண்டது ஹன்சிகா என்ற சின்னப் பெண். நிதர்ஷனாவிடம் வேலை கற்றவள். அழுதுவிடுவாள்போல வந்து நின்றாள்.

"கட்டி அப்படியே கெடக்குக்கா. உருக மாட்டேங்குது. சாயங்காலத்துக்கு மேல சந்துக்குத் தண்ணி இல்ல."

நிதர்ஷனாவே போய் ஒயரை இழுத்துவந்து செருகினாள். யார் காலும் தடுக்கிவிடாமல் ஒரு பழைய துணியால் அதைச் சக்கரத்தோடு கட்டியும் விட்டாள். அன்று மாலை குழாயில் தண்ணீர் வந்தது. அவள் ஒரு குவளை பிடித்துக் குடித்தாள். துருவத்துப் பனி. அவள் போய்ப் பார்க்க வேண்டியது, அவளைப் போகவிடாத பேட்டரியில் உருகி, அவள் வயிற்றுக்குள் போயிற்று. ருசி எப்போதும்போலத்தான் இருந்தது.

அறுபது நிறைய இன்னும் பதினைந்து நாள்தான் இருந்தது. போகவே பன்னிரண்டு நாள் ஆகும். எல்லைக்கு வெளியே இருக்கும்போது அறுபது நிறைந்தால் பரவாயில்லை, உள்ளே இருக்கும்போது நிறையக் கூடாது என்பது சட்டத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு வண்டி தாராளமாகப் போகலாம்.

"போதும்" என்றார் கிருத்திக். அவர் முகம் கறுத்திருந்தது. "நான் போய் எல்லாத்தையும் பிடுங்கறேன். நாளைக்குக் காலையில கிளம்பறோம். யாரு என்ன சொன்னாலும் சரி."

போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்னாச்சு?"

"பூர்விகாவோட மாமனார் என்னப் பாத்துச் சிரிச்சாரு."

நிதர்ஷனா தானே இறங்கிப் போனாள். பிள்ளைகளின் விளக்கைத் தாண்டினாள். அதைப் பிடுங்கலாம், பரீட்சையே நாளையோடு முடிகிறது. மூச்சுப்பொறியைத் தாண்டினாள். பெரியவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். தொட்டியின் ப்ளக்கில் வந்து கை வைத்தாள். ஹன்சிகா ஓடிவந்தாள்.

"பிடுங்கிக்குங்க அக்கா. முப்பது வருஷம் எங்களுக்காக நின்னீங்க. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்."

சொன்னதெல்லாம் உண்மையான மனசோடு சொன்னதுதான். ஆனால் சொல்லும்போது அவளுடைய ஒரு கை அந்த ப்ளக்கின் மேல் அழுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கே அது தெரியாது. நிதர்ஷனா அந்தக் கையைப் பார்த்தாள். பனிக்கட்டி தள்ளித் தள்ளிக் கணுக்கள் வீங்க ஆரம்பித்திருந்த கை.

"நல்லா செருகு. லூஸா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அறுபதாம் பிறந்தநாளைச் சந்தே சேர்ந்து கொண்டாடியது. கிருத்திக் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். முடியுமா? சந்து முழுக்கச் சீரியல் பல்பு, ஒலிபெருக்கி, கேசரி. எல்லாம் அவள் பேட்டரியில்தான். நகரசபைத் தலைவர் வந்து பொன்னாடை போர்த்தி, 'மின்னன்னை' என்று ஒரு பட்டமும் கொடுத்தார். தனக்கென்று ஒரு யூனிட்கூட வைத்துக்கொள்ளாத உள்ளம் என்று பேசினார். ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது. சுமை அதிகமாகிவிட்டது என்று யாரோ மூச்சுப்பொறிப் பக்கம் ஓடிப் பார்த்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நூற்றிருபது யூனிட் அல்லவா.

அதற்கு மூன்றாம் நாள் புயல் அடங்கிற்று.

வானம் வெளுத்த அன்று காலையிலேயே எல்லோரும் வந்து அவரவர் ப்ளக்கை அவரவரே பிடுங்கிக்கொண்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஒயர்களைச் சுருட்டி, ப்ளக் பாயிண்ட்டுகளைத் துடைத்துக்கூட வைத்தார்கள். "இனிமே எந்தத் தடையும் இல்ல அக்கா. சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றாள் பூர்விகா. பிறகு நினைவு வந்து, வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அதே வாரம் சந்திலிருந்து ஒன்பது குடும்பங்கள் மின்சாதனக் கடைக்குப் போயின. யோசனைப்பொறி இதற்குள் தன் சூத்திரத்தைத் திருத்தியிருந்தது. அது பார்த்ததெல்லாம் வண்டிகளிலிருந்து தானாக வரும் உபயோக விவரம். பதினாறு யூனிட் வாங்கியவர்களின் பேட்டரி பெரும்பாலும் பாதி நிறைந்தபடியே இருந்தது. நூற்றிருபது யூனிட் வாங்கிய ஒரே வாடிக்கையாளரின் பேட்டரி கடைசித் துளி வரை பயன்பட்டிருந்தது. ஆகவே மனிதர்களின் உண்மையான தேவை நூற்றிருபது யூனிட் என்று அது முடிவுக்கு வந்தது. வாடிக்கையாளர் பயணம் போனாரா என்று அது கேட்கவில்லை. "யாராவது வந்தால்?" என்று இப்போது பொறியே முதலில் கேட்டது. கடையில் கூட்டம் வர ஆரம்பித்தது.

ஜெர்வின் திரும்பி வந்தது அதற்குப் பிறகுதான். மூக்கு நுனி குளிரில் கருத்திருந்தது, பத்து கிலோ இளைத்திருந்தான். வண்டியைச் சந்தில் நிறுத்தியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக நிதர்ஷனாவின் உலாக்கூட்டுக்குள் ஏறினான். அவளும் கிருத்திக்கும் வீட்டை விட்டுவிட்டு அந்த நாட்களில் பெரும்பாலும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"பாத்துட்டேன் அக்கா. பனிவெடி. உங்களுக்காகவே படம் பிடிச்சேன்."

நிதர்ஷனா காபி டம்ளரோடு முன்னால் நகர்ந்தாள். கிருத்திக் எழுந்து அவளுக்கு இடம் விட்டார்.

படக்கருவியின் திரையில் ஜெர்வினின் முகம் வந்தது. தலைக்கவசத்துக்குள் பெரிதாக, சிரித்தபடி. தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வெளி.

"தென்பள்ளத்து மக்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் உங்க ஜெர்வின். இப்ப நான் நின்னுட்டு இருக்கறது தென்துருவம்..." வழியில் எத்தனை பள்ளம் என்று சொன்னான். எட்டு யூனிட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு நன்றி சொன்னான். நகரசபைக்கு நன்றி. வண்டியை விற்றவருக்கு நன்றி. வெளியுடையைத் தானே தைத்த கதையைச் சொன்னான். "இந்த அபூர்வமான காட்சியை, இதைப் பாக்கணும்னு வாழ்நாள் பூரா ஆசப்பட்ட எங்க நிதர்ஷனா அக்காவுக்குச் சமர்ப்பணம் பண்றேன். அக்கா, இதோ வரப்போகுது. எனக்குப் பின்னாலயே பாத்துட்டு இருங்க..."

திரை இருண்டது.

நிதர்ஷனா திரைக்கு இன்னும் அருகில் குனிந்தாள். "அப்புறம்?"

"சார்ஜ் தீந்துருச்சு அக்கா. திரும்பி வர்றதுக்கு மூச்சுக்காத்துக்கு ஒதுக்கினது போக மிச்சம் அவ்வளவுதான் இருந்துச்சு."

கிருத்திக் வாயைத் திறந்தார். பேட்டரியைப் பற்றி அவர் ஆரம்பத்திலேயே சொன்ன ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் மிச்சம் பிடித்த முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"படம் போனா போகட்டும்டா. நீ பாத்தேல்ல? வாயால சொல்லு. எவ்வளவு உயரம்?"

ஜெர்வின் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் இந்தப் பக்கம் பாத்துட்டு இருந்தேன் அக்கா. அது எனக்குப் பின்னால. கருவி அணைஞ்சுருச்சேன்னு அதைத் தட்டிட்டு நின்னேன். திரும்பறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு, புழுதி கீழ இறங்கிட்டு இருந்துச்சு."

"இன்னொண்ணு வெடிக்கலையா?"

"காத்திருக்கக் காத்து பத்தல."

தென்பள்ளத்திலிருந்து பனிவெடிக்கு அத்தனை அருகில் போன மனிதன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் மோசமானவன் இல்லை. ஊருக்கு வணக்கம் சொல்லாமல் ஒரு காட்சியைப் பார்ப்பது அவனுக்கு மரியாதைக்குறைவாகப் பட்டது, அவ்வளவுதான்.

"சத்தமாவது கேட்டுச்சா?"

"அங்க எங்கக்கா சத்தம்? காத்தே உறைஞ்சு கெடக்கு." தன் காலைப் பார்த்தான். "காலுக்குக் கீழதான்... ஒரு நடுக்கம் வந்துச்சு. அது மட்டும் நல்லாத் தெரிஞ்சது."

நிதர்ஷனா டம்ளரைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வண்டியின் தரையில் எழுந்து நின்றாள்.

"எப்படி வந்துச்சு? செஞ்சு காட்டு."

ஜெர்வின் கிருத்திக்கைப் பார்த்தான். பிறகு எழுந்து, ஒரு காலைத் தூக்கித் தரையில் மெல்ல மிதித்தான்.

"இவ்வளவுதானா?"

"இல்லக்கா. ஒரு தடவை இல்ல. தூரத்துலேர்ந்து வர்ற மாதிரி, விட்டு விட்டு..." மறுபடி மிதித்தான். சரியாக வரவில்லை. "ஒரு ஆளு மிதிச்சா வராது அக்கா. அண்ணே, நீங்க அந்த மூலையில நின்னு லேசா மிதிங்க. நான் நிறுத்தும்போது நீங்க."

கிருத்திக் மூலைக்குப் போய் நின்றார். இரண்டு ஆண்களும் மாற்றி மாற்றி மிதித்தார்கள். முதலில் தாறுமாறாக இருந்தது. "இன்னும் லேசா அண்ணே, நீங்க பேட்டரி ஏத்தற மாதிரி மிதிக்கறீங்க" என்றான் ஜெர்வின். அவர் கோபித்துக்கொள்ளாமல் குதிகாலைத் தூக்கிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகத் தரை ஒரே சீராக அதிர ஆரம்பித்தது. ஜெர்வின் தலையை ஆட்டினான். "இதான். இதேதான் அக்கா."

நிதர்ஷனா கண்ணை மூடிக்கொண்டாள்.

அறுபதை நெருங்குகிறவரால் அவ்வளவு நேரம் மிதிக்க முடியவில்லை. கிருத்திக்குக்கு மூச்சு வாங்கியது. கால் தளர்ந்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள்.